சன்னல் எண் பதினான்கு

ஹோவிக் தாண்டி மூடுபனி வடிகிற நேரம்
டேப்பும் பென்சிலும் ஏணியுமாய் வந்து இறங்கினோம்
நானும் ம்தெம்புவும்.
கோரை வேய்ந்த கூரை, வெள்ளைச் சுவர்,
குறுக்கும் நெடுக்குமாய்க் கறுப்பு மரச்சட்டம்,
புகைபோக்கி உச்சியில் ஒரு ஹடீடா
வாடகை பாக்கி கேட்பதுபோல் கத்திக்கொண்டிருந்தது.

பெயர்ப்பலகையில் ஃபெசன்ட்.
அந்தப் பறவையைக் கண்டிராத எவனோ
கினிக்கோழியை வரைந்து
வாலை மட்டும் இழுத்து நீட்டியிருக்கிறான்.

வரவேற்பறையில் கண்ணாடி போட்ட தாள் சொன்னது:
சசெக்ஸில் இருந்த பழைய சத்திரத்தின் அச்சு அசல்,
உடைந்த கப்பலின் ஓக் உத்தரங்கள்.
பேனாக்கத்தியால் ஓரமாய்ச் சுரண்டினேன்.
எட்டுப் படலம் கறுப்பு பெயின்ட்,
அடியில் தைலமரம்,
வேலிக்குப் போகவேண்டிய பலகை.
ஆணியடித்து ஒட்டியது. எதையும் தாங்கவில்லை.
பாரமெல்லாம் உள்ளே செங்கல் தலையில்.
செங்கல்லோ இந்த மலைக்குக் கீழே சுட்டது,
ஈரத்தில் ஒரு நாய் நடந்து போயிருக்கிறது.
முன்கால் அடுக்களைச் சுவரில் இருக்கிறது,
மற்ற மூன்றையும் மதியம்வரை தேடினோம்.

படிவம் கேட்டது: பாணி?
டியூடர் என்று எழுதி, அடித்து,
டியூடர் உடுத்தியது என்று எழுதினேன்.
ஆண்டு? 1931.
வடிவமைத்தவர் பெயருக்கு ஒரு கோடு இருந்தது.
சுவர் எழுப்பியவர்களுக்குக் கோடு இல்லை,
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

மதுக்கூட வாசலில் ம்தெம்புவுக்குத் தலை இடித்தது.
வேண்டுமென்றே தாழ்வாய் வைத்த நிலை.
பழைய இங்கிலாந்தில் குனிந்துதான் நுழைவார்களாம்.
'இங்கே நாங்கள் நுழையவே இல்லை, குனிவது எங்கே'
என்றார் நெற்றியைத் தேய்த்தபடி, சிரிக்காமல்.

பின்னால், குப்பைத்தொட்டிச் சந்தில்
சன்னல் பதினான்கு.
அகலம் நாற்பத்தாறு, உயரம் முப்பத்தெட்டு.
கண்ணாடி கிடையாது. உள்பக்கம் தாழிடும் மரக்கதவு.
விளிம்புக் கட்டை நடுவில் பள்ளம் விழுந்து
வழவழவென்று இருந்தது,
முழங்கைகளும் சில்லறையும் தேய்த்தது.
சத்திரத்தில் மரம் என்று ஒன்று
பாரம் தாங்கியது இங்கேதான்.

முதலாளி ரங்கசாமி பாத்தர் வந்தார், எழுபதைத் தாண்டியவர்.
ஒரு காலத்தில் முட்டைக்கோஸ் லாரி ஓட்டியவர்.
இந்தச் சந்தில் நின்று
செய்தித்தாளில் சுற்றிய பை வாங்கித் தின்றவர்.
லாரிகள் பதினொன்றாகி, சத்திரத்தையே வாங்கியவர்.
'எல்லாம் அப்படியே இருக்கட்டும் அம்மா,
கணப்பு, குதிரைலாடம், அந்தக் கோணல் கோழி உள்பட.
இதை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிடு.'

அறுபது வருஷத்துக்கு மேற்பட்டது, ஐயா.
அனுமதியில்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது.

கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்தார்.
'அன்றைக்கு என்னை உள்ளே விடாததும் சட்டம்,
இன்றைக்கு இதை மூட விடாததும் சட்டம்.'
பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.
இருமல் வந்து நின்றது.

முன்னால் கல்யாணக் கூட்டம் இறங்கியிருந்தது.
கறுப்புச் சட்டத்தில் சாய்ந்து மணப்பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள்,
முதுகில் பெயின்ட் படுமோ என்று
தோழி கைக்குட்டையை இடையில் வைத்தாள்.

பாத்தர் சந்திலேயே நின்றார்.
விரல் மடக்கி மூன்று தட்டு.
தாழ் திறந்து எட்டிப்பார்த்த டில்லனுக்கு,
வேலைக்கு வந்து ஆறு வாரம்,
எதுவும் புரியவில்லை. 'சார், வாசல் அந்தப் பக்கம்...'
'தெரியும். ஆட்டுக்கறி பை ஒன்று.
பீங்கான் தட்டில். முள்கரண்டியோடு. ட்ரேயில் வை.'

ட்ரே வட்டம், குறுக்கே ஐம்பது.
இடித்தது. இழுத்தான். மறுபடி இடித்தது.
சாய்த்துப் பிடித்தபோது குழம்பு வழிந்து
விளிம்புப் பள்ளத்தில் தேங்கியது.
அவர் துடைக்கவில்லை, எங்களையும் துடைக்கவிடவில்லை.
'இதையும் எழுதிக்கொள்' என்றார்.

எழுதினேன், ஓரத்து வெள்ளையில்:
சன்னல் 14. நிலை நன்று.
ட்ரே நேராக நுழையாது.